எண்களாக மாறும் ஒளி: டிஜிட்டல் ஒளிப்படத்தின் அடிப்படைச் சொற்கள்

டிஜிட்டல் ஒளிப்படம் என்பது, திரையில் எவ்வளவு உயிர்ப்புடன் தோன்றினாலும், அடிப்படையில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட எண்களின் அட்டவணையே ஆகும். ஃபிலிம் சுருளில் வெள்ளி உப்புகள் ஒளிபட்டு மாற்றமடைந்ததால் உருவான படத்திலிருந்து இது வேறுபடுவது முதன்மையாக இந்த ஒரு தன்மையினால்தான். கேமராவிலும் பட மென்பொருளிலும் காணப்படும் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், அவற்றுள் சில அந்த எண்கள் உண்டாகும் விதத்தையும், சில அவை மாற்றப்படும் விதத்தையும், சில அவை இழக்கப்படும் விதத்தையும் குறிக்கின்றன. வேறு சிலவோ எண்களைத் தொடாமல், அவற்றின் மேல் ஒட்டிய குறிப்புச் சீட்டை மட்டும் மாற்றுகின்றன. ஒரு சொல் இவற்றுள் எதைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், தொடக்கநிலையில் இருப்போரை அலைக்கழிக்கும் குழப்பங்களில் பெரும்பகுதி விலகிவிடும். ஆகவே இந்த அத்தியாயம் சொற்களை அகர வரிசையில் அடுக்காமல், ஒளி கேமராவுக்குள் நுழைவது முதல் கோப்பாகச் சேமிக்கப்படுவது வரை அது செல்லும் வழியிலேயே எடுத்துக்கொள்கிறது. தமிழ்ச் சொல் நன்கு பழகிய இடங்களில் தமிழ்ச் சொல்லும், கடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் வேறு சொல்லே வழங்கும் இடங்களில் அச்சொல்லும் இங்கே ஆளப்படுகின்றன.

படப்புள்ளியும் உணரியும்

அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி, அதாவது பிக்சல் ஆகும். 1957ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் தர அளவீட்டு அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் படத்தை வருடிக் கணினிக்குள் செலுத்தியபோது, அந்த முதல் டிஜிட்டல் படம் 176க்கு 176 என்ற அளவில், மொத்தம் 30,976 புள்ளிகளால் ஆனதாக இருந்தது. 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவின் படம் 100க்கு 100 புள்ளிகளே கொண்டது. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க அதற்கு 23 விநாடிகள் தேவைப்பட்டன. பத்து லட்சம் படப்புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். இன்று பரவலாகக் கிடைக்கும் 24 மெகாபிக்சல் கேமராவின் படம் அகலத்தில் 6000, உயரத்தில் 4000 என்ற அளவில் அமைகிறது.

ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது உணரி, அதாவது சென்சார் ஆகும். ஒளித்துகள்கள் படும்போது மின்னணுக்களை வெளியிடும் மிகச் சிறிய குழிகள் அதன் பரப்பு முழுவதும் நெருக்கமாக அமைந்துள்ளன. ஒவ்வொரு குழியிலும் சேர்ந்த மின்னேற்றம் அளக்கப்பட்டு எண்ணாக மாற்றப்படுகிறது. இவ்வகை உணரிகளுக்கு வழிவகுத்த சிசிடி என்னும் சாதனத்தை 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தனர். அதற்காக 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இன்றைய கைப்பேசிகளிலும் கேமராக்களிலும் பெரும்பாலும் இருப்பது சீமாஸ் என்னும் பிற்கால வகை உணரி.

இங்கே பலரும் அறியாத ஓர் உண்மை உண்டு. உணரியின் குழிகளுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு குழியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிறத்தின் வடிகட்டி வைக்கப்படுகிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், மனிதக் கண் பச்சைப் பகுதியின் ஒளிக்கே மிகுதியாக உணர்வு காட்டுவதால், பாதிக் குழிகள் பச்சைக்கும் கால் பங்கு சிவப்புக்கும் கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. 24 மெகாபிக்சல் கேமரா உண்மையில் 120 லட்சம் இடங்களில் பச்சையையும், 60 லட்சம் இடங்களில் சிவப்பையும், மற்றொரு 60 லட்சம் இடங்களில் நீலத்தையும் மட்டுமே அளக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் மீதமுள்ள இரு நிறங்களும் அண்டைப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிடப்படுகின்றன. நெருக்கமான கோடு போட்ட சட்டையையோ மிக நுண்ணிய கட்டம் போட்ட சேலையையோ எடுக்கும்போது, துணியில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் தோன்றுவதற்கு இக்கணக்கீடு தவறுவதும் ஒரு காரணமாகும். மோயர் என்று பெயர்பெற்ற அந்த அலைகளைக் கண்டவுடன், நிற்கும் தூரத்தைச் சற்று மாற்றி மீண்டும் எடுப்பதே எளிய தீர்வு.

ஒளியேற்பு

உணரியின் மேல் மொத்தம் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதே ஒளியேற்பு. இதை எக்ஸ்போஷர் என்றும் சொல்வர். லென்ஸின் துளை எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்னும் இரண்டாலும் இது தீர்மானிக்கப்படுகிறது. அப்பர்ச்சர் எனப்படும் துளையின் அளவு, எஃப் எண்ணால் குறிக்கப்படுகிறது. லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது இந்த எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால் அது எஃப் 2. வகுத்தலால் வருவதனாலேயே எண் பெரிதாகும்போது துளை சிறிதாகிறது. லென்ஸ் வளையத்தில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று அமைந்த வரிசையில் ஒவ்வொரு படி மேலே செல்லும்போதும் ஒளி பாதியாகக் குறையும். இப்படி ஒளி இருமடங்காவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்கிறார்கள். ஷட்டரும் அவ்வாறே 1/60, 1/125, 1/250, 1/500 விநாடி என்று படிப்படியாகச் செல்கிறது.

உச்சி வெயிலில் எஃப் 16 வைத்து, சற்றுப் பின்னர் விளக்கப்படும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நிகரான பின்னத்தை ஷட்டர் வேகமாக வைத்தால் படம் சரியாக வரும் என்பது ஃபிலிம் காலத்திலிருந்தே வழங்கிவரும் விதி. ஐஎஸ்ஓ 125 என்றால் ஷட்டர் 1/125 விநாடி. அதே ஒளியை எஃப் 8, 1/500 விநாடி என்ற இணையாலும் பெறலாம். துளையில் இரண்டு ஸ்டாப் கூட்டியது ஷட்டரில் இரண்டு ஸ்டாப் குறைத்ததால் ஈடாகிறது. ஆயினும் இரண்டு படங்களும் ஒன்றல்ல. சிறிய துளையில் அருகிலும் தொலைவிலும் உள்ளவை ஒருங்கே தெளிவாக இருக்கும். அகன்ற துளையில் ஃபோகஸ் செய்த இடம் மட்டும் தெளிந்து பின்னணி கரைந்துபோகும். தெளிவாகத் தெரியும் இந்த முன்பின் எல்லையே புல ஆழம். வேகமான ஷட்டர் அசைவை உறையவைக்கும், மெதுவான ஷட்டர் அருவி நீரைப் பட்டுத் துணிபோல இழையவிடும்.

ஐஎஸ்ஓ என்னும் மூன்றாவது எண்ணைப் பற்றித்தான் தவறான கருத்து மிகுதி. ஐஎஸ்ஓவை உயர்த்தினால் உணரி அதிக ஒளியைப் பெறுவதில்லை. பெற்ற ஒளி பெருக்கிக் காட்டப்படுகிறது, அவ்வளவே. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் இரைச்சலுக்கு முதற்காரணம் ஒளிப் பற்றாக்குறைதான். ஒளித்துகள்கள் மழைத்துளிகளைப்போல ஒழுங்கின்றி வந்து விழுவதால், ஒரு குழியில் சராசரியாக 10,000 துகள்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவில், அதாவது நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும். 100 துகள்களே விழும் இடத்தில் அது 10 ஆகி, நூற்றுக்குப் பத்து என்று கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாகிவிடும். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னர் மென்பொருளில் வெளிச்சமாக்கினாலும் இந்த இரைச்சல் வெளிப்படவே செய்யும். இரைச்சலுக்கு உண்மையான மருந்து கூடுதல் ஒளி. அகன்ற துளையோ, ஸ்டாண்டில் நிறுத்திய கேமராவின் நீண்ட ஷட்டர் நேரமோ, ஒரு விளக்கோ அதைத் தரலாம்.

காட்சியின் ஒளியை அளந்து ஒளியேற்பைப் பரிந்துரைக்கும் ஒளிமானியை எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பதும் இங்கேயே சொல்லத்தக்கது. எதிரே இருப்பது எதுவென்று அறியாத எளிய ஒளிமானி, எல்லாக் காட்சியையும் சராசரியில் நடுச்சாம்பல் என்று கருதியே கணக்கிடுகிறது. படச்சட்டம் நிறைய வெள்ளை வேட்டி கட்டியவர்கள் இருந்தால் வேட்டி பழுப்பேறியதுபோல மங்கிவிடும். கருங்கல் சிற்பம் சட்டத்தை நிறைத்தால் கல் வெளிறிவிடும். முன்னதற்கு ஒளியேற்பை ஒரு ஸ்டாப் அளவில் கூட்டவும், பின்னதற்குக் குறைக்கவும் வேண்டும். கேமராவில் கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் இருப்பது இந்தத் திருத்தத்துக்காகவே.

எண்ணின் ஆழம்

ஒரு புள்ளியின் ஒளியை எத்தனை படிநிலைகளில் பிரித்து எழுதுவது என்பதே பிட் ஆழம். 8 பிட் என்றால் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்று நிறங்களுக்கும் சேர்த்து 1,67,77,216 சேர்க்கைகள். பார்ப்பதற்கு இது போதும், திருத்துவதற்குப் போதாது. நிழலில் இருண்டுபோன முகம் 0 முதல் 63 வரையிலான படிகளுக்குள் அடங்கியிருக்க, அதை 255 வரை இழுத்து நீட்டினால், 256 படிகள் இருக்கவேண்டிய இடத்தில் 64 படிகளே இருக்கும். கன்னத்தின் மென்மையான சாயல் படிக்கட்டுபோலப் பட்டைபட்டையாகப் பிரியும். கேமராக்கள் தரும் ரா கோப்பு, உணரி அளந்த எண்களைச் சமைக்காமல் அப்படியே வைத்திருப்பதும், பெரும்பாலும் 14 பிட் ஆழத்தில் 16,384 படிகளைக் கொண்டிருப்பதும், அதைப் பின்திருத்தத்துக்கு மிகவும் ஏற்றதாக்குகின்றன.

இதனுடன் சேர்த்து அறியவேண்டியது ஹிஸ்டோகிராம். பள்ளிக் கணக்கில் நிகழ்வெண் செவ்வகம் என்று படித்த அதே வரைபடம்தான் இது. இடக்கோடியில் கருமையும் வலக்கோடியில் வெண்மையுமாக, ஒவ்வொரு படியிலும் எத்தனை புள்ளிகள் உள்ளன என்று காட்டுகிறது. மேடு வலது சுவரில் முட்டி நின்றால், அங்குள்ள புள்ளிகள் எல்லாம் 255 என்ற ஒரே எண்ணாகிவிட்டன என்பது பொருள். வேட்டியின் மடிப்புகள் அத்தனையும் 255 ஆகிவிட்டால் அங்கே மடிப்பு என்று ஒன்று பதிவாகவே இல்லை. எந்த மென்பொருளாலும் அதை மீட்க இயலாது. வெயிலில் திரையைப் பார்த்துப் படத்தை மதிப்பிடுவது ஏமாற்றும், ஹிஸ்டோகிராம் ஏமாற்றுவதில்லை.

வெண்சமநிலை என்பது ஒளியின் நிறச்சாய்வை ஈடுசெய்வது. ஒளியின் நிறம் கெல்வின் அளவால் குறிக்கப்படுகிறது: மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1900, பழைய குண்டு பல்பு 2700 முதல் 3000, நண்பகல் ஒளி ஏறத்தாழ 5500. எண் கூடக் கூட ஒளி நீலமாகிறது. ஆனால் மென்பொருளில் அந்த எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறதே என்று புதியவர்கள் திகைப்பதுண்டு; அங்கே எண்ணைக் கூட்டுவது, ஒளி நீலமாக இருந்தது என்று மென்பொருளுக்குத் தெரிவிப்பதாகும், மென்பொருளும் அந்த நீலத்தை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கிறது.

மூன்று அளவுகள், ஒரே சொல்

அன்றாட வழக்கில் படத்தின் சைஸ் என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு அளவுகள் ஒரே சொல்லில் கலந்துவிடுகின்றன: படப்புள்ளிகளின் எண்ணிக்கை, தாளில் அச்சாகும் நீள அகலம், கோப்பு வட்டில் அடைக்கும் இடம். இணையவழி வேலை விண்ணப்பம் நிரப்பும் இளைஞர்கள் நாள்தோறும் இந்தக் குழப்பத்தில்தான் சிக்குகிறார்கள். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர், 50 கிலோபைட்டுக்குள் என்று விண்ணப்பம் கேட்கும்போது அது முதலில் தாள் அளவையும் பிறகு கோப்பு அளவையும் கேட்கிறது. படப்புள்ளி எண்ணிக்கையைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கொண்டால், 3.5 சென்டிமீட்டருக்கு 413 புள்ளிகளும் 4.5 சென்டிமீட்டருக்கு 531 புள்ளிகளும் வரும். மொத்தம் 2,19,303 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட்டு என்ற கணக்கில் ஏறத்தாழ 640 கிலோபைட்டு. இதை 50 கிலோபைட்டுக்குள் அடக்கப் பதின்மூன்று மடங்கு சுருக்கினால் போதும். முகம் தெளிவாகவே இருக்கும். அவ்வாறு புள்ளிகளைக் குறைக்காமல், 24 மெகாபிக்சல் படத்தை அப்படியே 50 கிலோபைட்டுக்கு நசுக்க முயல்பவர்களுக்குக் கட்டங்கட்டமாகச் சிதைந்த முகமே கிடைக்கிறது. முதலில் வெட்டி, பிறகு புள்ளிகளைக் குறைத்து, இறுதியில் சுருக்குவதே சரியான வரிசை.

அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்னும் எண்ணைக் கடைகளில் டிபிஐ என்கிறார்கள். துல்லியமாகச் சொன்னால் டிபிஐ அச்சுப்பொறி இடும் மைப்புள்ளிகளைக் குறிப்பது. படப்புள்ளிகளைக் குறிப்பது பிபிஐ. கோப்புக்குள் எழுதப்பட்டுள்ள 72 என்ற எண்ணை 300 என்று மாற்றுவதால் மட்டும் படத்தின் தரம் கடுகளவும் கூடாது. அது குறிப்புச் சீட்டை மாற்றுவது. உள்ளே இருக்கும் எண்கள் அப்படியே இருக்கும்.

300 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்கள் அதற்கு அடிமையாக மாட்டார்கள். இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைப் பிரித்தறியும். கையில் பிடித்துப் பார்க்கும் 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 0.087 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு 290 புள்ளிகளுக்குச் சற்று மேல். ஒரு மீட்டர் தூரத்தில் 87 புள்ளிகளே போதும். ஆகவே 4க்கு 6 அங்குல மேக்ஸி அச்சுக்கு 1200க்கு 1800 புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தாலே நிறைவு. கல்யாண ஆல்பத்தின் 12க்கு 36 அங்குல விரிப்பு முழுவதும் ஒரே படத்தைப் பரப்பினால், 6000 புள்ளி அகலமுள்ள படம் அங்குலத்துக்கு ஏறத்தாழ 167 புள்ளிகளாக இறங்கும். மடியில் விரித்துப் பார்க்கும் தூரத்துக்கு அதுவும் தகும். அதே படத்தை 20 அடி அகல ஃப்ளெக்ஸ் பதாகையில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 25 புள்ளிகளே இருக்கும். ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டர் அகலமாகும். சாலையின் எதிர்ப்புறம் நிற்பவருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது.

இருக்கும் புள்ளிகளைவிட அதிகமான புள்ளிகள் வேண்டும்போது மென்பொருள் அண்டை எண்களுக்கு இடையே புதிய எண்களைக் கணித்து நிரப்புகிறது. இதற்கு இடைச்செருகல் என்று பெயர். கைப்பேசியில் விரல்களை விரித்துச் செய்யும் டிஜிட்டல் ஜூம் பல வேளைகளில் படத்தின் நடுப்பகுதியை வெட்டி, இடைச்செருகலால் பெரிதாக்குவதே ஆகும். லென்ஸே நகர்ந்தோ மாறியோ காட்சியை நெருக்கமாக்கும் ஆப்டிகல் ஜூமுக்கு நிகராக அது ஒருபோதும் அமையாது. காலால் நாலடி முன்னே நடப்பது அதைவிட நல்லது.

திருத்தம்

வெட்டுதல் புள்ளிகளை நீக்குகிறது. லெவல்ஸ், கர்வ்ஸ் என்னும் மென்பொருள் கருவிகள் புள்ளிகளின் மதிப்பைக் கூட்டிக் குறைக்கின்றன. ஷார்ப்பன் என்னும் கூர்மையாக்கம் பலர் எண்ணுவதுபோல ஃபோகஸ் தவறிய படத்தைச் சரிசெய்வதில்லை. விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்கி, கூர்மை என்ற உணர்வை உண்டாக்குகிறது. அளவு மீறினால் கூரை விளிம்பிலும் தலைமுடியைச் சுற்றியும் வெண்கோடு ஒளிவட்டம்போலத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கி 1990இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட ஃபோட்டோஷாப்பில், 1994இல் வந்த மூன்றாம் பதிப்போடு லேயர் எனப்படும் அடுக்குகள் சேர்ந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களில் தனித்தனியே வரைவதுபோல, அடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு திருத்தத்தை வைத்து, வேண்டாதபோது அதை மட்டும் நீக்கிவிடலாம். அடுக்கின் எந்தப் பகுதி தெரியவேண்டும் என்று தீர்மானிப்பது மாஸ்க். அதில் வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் மறையும். அழிப்பானால் அழித்த பகுதி போனது போனதுதான். மாஸ்க்கில் மறைத்த பகுதியை வெள்ளைத் தூரிகையால் மீண்டும் கொண்டுவரலாம். விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இவ்விரு வசதிகளும் உண்டு. கற்பவர்கள் அதிலேயே தொடங்கலாம்.

ஸ்டூடியோக்களில் டச்சிங் என்று வழங்கும் முகத் திருத்தத்தில், அன்று தோன்றிய பருவை நீக்குவதில் தவறில்லை. ஆனால் கேட்காமலே தோலின் நிறத்தை வெளுப்பாக்கும் வழக்கம் கைவிடப்படவேண்டியது. தொழில்நுட்ப நோக்கில் அது முகத்தின் எண்களை 255ஐ நோக்கித் தள்ளி, கன்னத்தின் வளைவையும் தோலின் இழையையும் அழிக்கிறது. அதைவிடப் பெரிய குறை, படத்தில் இருப்பவர் தம் முகத்தையே படத்தில் காணமுடியாமல் போவதாகும்.

கோப்பு

ஜேபெக் என்பது 1992இல் தரப்படுத்தப்பட்ட இழப்புள்ள சுருக்க முறை. படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய மாற்றங்களை அது கைவிடுகிறது. இதற்கு அடிப்படையான கணித மாற்று முறையை 1974இல் வெளியிட்டவர்கள், பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும், டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரும் ஆவர். ஜேபெக் கோப்பைத் திறந்து பார்ப்பதாலோ வேறிடத்துக்குப் படியெடுப்பதாலோ எதுவும் குறைவதில்லை. திறந்து, திருத்தி, மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடுகிறது. எழுத்துகளும் கோடுகளும் நிறைந்த படத்துக்கு இழப்பில்லாச் சுருக்கமான பிஎன்ஜி ஏற்றது; திருத்தம் நடந்துகொண்டிருக்கும் படத்தை டிஃப் வடிவிலோ, அடுக்குகளைக் காக்கும் மென்பொருளின் சொந்த வடிவிலோ வைத்திருப்பது நல்லது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பும்போது புள்ளிகளும் தரமும் குறைக்கப்படுவதால், அச்சுக்கு அனுப்பும் படத்தை டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பவேண்டும்.

கோப்பினுள் எக்ஸிஃப் என்னும் குறிப்புப் பகுதியும் உண்டு. எடுத்த நாள், நேரம், எஃப் எண், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகியவை அதில் தாமாகவே எழுதப்படுவதால், கற்பவருக்கு அது சிறந்த பாடநூல். இருப்பிடப் பதிவு இயங்கும் கைப்பேசியில், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதில் பதிந்துவிடுகின்றன; வீட்டில் எடுத்த குழந்தையின் படத்தைப் பொதுவெளியில் இடுவதற்கு முன் அந்தப் பகுதியை நீக்கிவிடவேண்டும்.

கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்புகளை ஒருபோதும் திருத்தத் தொடாமல் தனிக் கோப்புறையில் வைத்து, வேறொரு வட்டிலும் அவற்றின் ஒரு படியைச் சேமித்து, திருத்தங்கள் அனைத்தையும் படியெடுத்த கோப்பில் மட்டுமே செய்யுமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.